அஞ்சலையின் காலும் பிளஸ் இருபத்தெட்டும்

முப்பது வருடம் கார் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இதைச் சொன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் நம்ப மாட்டார்கள், பிறகு சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். கார் ஓடும்போது எனக்கு அதனிடம் எந்த வேலையும் இல்லை. அது நின்ற இடத்தில் நின்றுகொண்டு, கியர் போடாமல், ஆக்ஸிலேட்டரில் யாரும் கால் வைக்காமல், இன்ஜின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் பாருங்கள், ஐடிலிங் என்பார்கள், அந்த நிலையில்தான் எனக்கு அதனுடன் பேச்சு வார்த்தை.

பணி நிறைவு நாளன்று பட்டறையில் டீயும் மிக்சரும் கொடுத்தார்கள். மாலை போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு ராஜேஷ் என்ற டெக்னீஷியன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மேடம், ஐடிலிங்ல ஸ்கேனர் பிளஸ் இருவத்தஞ்சுக்கு மேல காட்டுதுனு வைங்க. மொதல்ல எங்க கை வெக்கணும்?"

"மொதல்ல கைய பாக்கெட்ல வெக்கணும்" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு டிரைவிங் ஸ்கூல் கார் இருக்கிறது, மூன்று நாள் அலைச்சல் இருக்கிறது, ஒரு பெண்ணின் உத்தியோகம் இருக்கிறது. மிக்சர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதுதான் இது.

நான் முதலில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவள். விருத்தாசலம் கடைவீதிக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் இன்ஸ்டிட்யூட் இருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் மாணவர்கள் குறைந்து, ஒரு நாள் மாடியைக் காலி செய்தார்கள். அப்போதுதான் ஜங்ஷன் ரோட்டுப் பட்டறை ஒன்றில் புகைப் பரிசோதனை இயந்திரம் வாங்கி வைத்திருந்தார்கள். சான்றிதழ் அடித்துக் கொடுக்க வேகமாக டைப் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும் என்று முதலாளி தேடினார். நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை என்று மட்டும்தான் கேட்டார். மறுநாளே வேலையில் சேர்ந்துவிட்டேன்.

முதல் இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காரின் புகைக்குழாயில் என் இயந்திரத்தின் குழாயைச் செருகுவேன். திரையில் நான்கு எண்கள் வரும். அச்சடித்து முத்திரை வைத்துக் கொடுப்பேன். அந்த நான்கில் இரண்டை மட்டும் நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். கார்பன் மோனாக்சைடு அதிகமாக இருந்தால், பெட்ரோல் மிகுதி, அதை எரிக்கக் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஆக்ஸிஜன் அதிகமாக இருந்தால் காற்று மிகுதி. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் பதினாலே முக்கால் பங்கு காற்று சேர்ந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். இதுதான் என் உத்தியோகத்தின் மொத்தப் பாடம்.

இன்னொரு விஷயத்தையும் அந்த நாட்களிலேயே கற்றுக்கொண்டேன். சைலன்சரில் ஓட்டை உள்ள வண்டியை இயந்திரத்தில் வைக்கக் கூடாது. ஓட்டை வழியாக வெளிக்காற்று புகையில் கலந்துவிடும், இயந்திரம் இல்லாத ஆக்ஸிஜனை இருப்பதாகக் காட்டும். ஓட்டையை அடைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப வேண்டும். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த ஒருவர் டீக்கடைக்குப் போய்விட்டு, கால் மணி நேரத்தில் ஓட்டை மேல் ஈரத் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். டெஸ்ட் முடிவதற்குள் துண்டு கருகி, பட்டறை முழுக்க நாற்றம். அவர் கருகிய துண்டைப் பார்த்துவிட்டு, "நம்பர் வந்துடுச்சாங்க?" என்றார்.

பட்டறையின் ஃபோர்மேன் சேவியர் சார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார், எரிச்சல் வந்தால் அந்த 'ங்க' இன்னும் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான். எந்தக் கார் வந்தாலும் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். பிடி உடைந்த வெள்ளைக் கப் ஒன்று வைத்திருந்தார். எங்கள் ஊரில் பீங்கான் தொழில் அதிகம், சூளையில் கோணலாகிப் போன கப்புக்குப் பஞ்சமில்லை. அதில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வைத்துவிட்டு, இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, டிரைவர் சீட்டில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். தண்ணீரின் மேல் ஓடும் வளையங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடமும் யாரும் அவரிடம் பேசக் கூடாது. முதலாளியே வந்தாலும் வெளியில் நிற்பார்.

அதன் பிறகு ஜாப் கார்டு எழுதுவார். அதில் மூன்று வரிதான். வந்தவர் சொன்னது. நாம் பார்த்தது. நமக்குத் தெரியாதது. மூன்றாவது வரி காலியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டார். "எல்லாம் தெரிஞ்சிடுச்சுனா அப்பறம் எதுக்குங்க வண்டி இங்க நிக்குது?" என்பார்.

கார்பரேட்டர் காலத்தில் அவர் காதாலும் கப்பாலும் ஐடிலிங் சரிசெய்தார். நான் இந்தப் பக்கம் எண் பார்த்தேன். ஒரு நாள் அவர் திருகாணியைத் திருப்பி, "இப்ப பாருங்க, தண்ணி அசையாம நிக்குது" என்றார். நிஜமாகவே நின்றது. ஆனால் என் திரையில் கார்பன் மோனாக்சைடு நான்கு சதவீதம், அனுமதியோ மூன்றுதான். சொல்லவா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். அவர் இறங்கி வந்து திரையைப் பார்த்தார். மறுபடி போய்த் திருகாணியை அரைச் சுற்று உள்ளே திருகினார். தண்ணீர் லேசாக நடுங்கியது, எண் ஒன்றுக்குக் கீழே இறங்கியது. அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேருக்கும் பேசாமலே ஒரு பழக்கம் ஏற்பட்டது. அவர் திருகுவார், என்னைப் பார்ப்பார், நான் தலையாட்டுவேன்.

பிறகு கார்பரேட்டர் போய், கம்ப்யூட்டர் பெட்ரோல் பீய்ச்சும் கார்கள் வந்தன. திருப்ப ஒரு திருகாணியும் இல்லை. சேவியர் சாரை மூன்று நாள் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது கையில் ஸ்கேனர் இருந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினால் காரே தன் வாயால் தனக்கு என்ன உடம்பு என்று சொல்லிவிடும். அவருக்கு அதன் மேல் புது மாப்பிள்ளைக்கு மாமியார் வீட்டின் மேல் இருக்கும் பிரியம். கப் ஜன்னல் ஓரத்துக்குப் போனது. ஜாப் கார்டில் மூன்றாவது வரியில், தெரியாதது ஒன்றுமில்லை என்று, கோடு போட ஆரம்பித்தார்.

ஸ்கேனர் காட்டும் எண்களில் முக்கியமானது ஃப்யூயல் டிரிம். புகை போகும் வழியில் ஒரு சென்சார் இருக்கிறது. அது ஆக்ஸிஜனை முகர்ந்து பார்க்கும். அதிகம் இருந்தால், 'காற்று கூடிப்போச்சு, பெட்ரோல் போதவில்லை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். வழக்கமான அளவைவிட எத்தனை சதவீதம் கூட்டியது என்பதுதான் பிளஸ். குறைத்தால் மைனஸ். டீக்கடையில் 'இன்னும் கொஞ்சம் சக்கரை' என்று கேட்டதும் மாஸ்டர் அரை ஸ்பூன் போடுகிறாரே, அது குறுகிய கால டிரிம். தினமும் அதையே கேட்டால், நம்மைத் தூரத்தில் பார்த்ததுமே கூடுதலாகப் போட்டு வைப்பார், அது நீண்ட கால டிரிம். ஐந்துக்குள் ஆடிக்கொண்டிருந்தால் வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி டிரைவிங் ஸ்கூல் கார்.

செல்வராணி எங்கள் ஊரில் பெண்களுக்கென்று டிரைவிங் ஸ்கூல் நடத்தி வந்தார். இருப்பது ஒரே கார். நாளெல்லாம் மெதுவாகவே ஓடி, நின்று, மறுபடி நகர்ந்து பாடுபடும் கார். ஒரு முறை, ஐடிலிங்கில் நடுங்குகிறது என்று கொண்டுவந்தார். சேவியர் சார் ஸ்கேனரைச் செருகினார். கோளாறு எண் எதுவும் வரவில்லை. டிரிம் பதினாலோ என்னவோ காட்டியது. "வண்டியில ஒண்ணும் இல்லீங்க. கத்துக்கறவங்க கால் பழகணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, செல்வராணி மறுபடி வந்தார். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு பெண்ணும் வந்திருந்தாள். பெயர் அஞ்சலை. நாற்பதை நெருங்கும் வயது. பீங்கான் பொம்மை செய்யும் யூனிட்டில் வேலை.

"இந்த வண்டியால இவளுக்கு ரெண்டு வாட்டி டெஸ்ட்ல போயிடுச்சுங்க" என்றார் செல்வராணி. "எட்டுப் போடறப்ப பொசுக்குனு ஆஃப் ஆயிடுது. வியாழக்கிழம மூணாவது டெஸ்ட்டு. எல்எல்ஆரும் முடியப் போவுது."

"வண்டியால இல்லீங்க, என் காலாலதான்" என்றாள் அஞ்சலை. குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

அவளுடைய யூனிட்டில் பொம்மை ஏற்றிப் போகும் வேனின் டிரைவர் மாதக் கடைசியில் நின்றுவிடப் போகிறாராம். லைசென்ஸ் எடுத்துவிட்டால் அந்த வேலையை அஞ்சலைக்கே தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். எடுக்காவிட்டால் வெளியாளைப் பார்த்துக்கொள்வார். பதினாறு வருடம் குனிந்து உட்கார்ந்து வேலை செய்ததில் அவளுக்கு இடுப்பு போய்விட்டது. டாக்டர் இனி தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் செல்வராணிதான் சொன்னார்.

"மத்த பொண்ணுங்களுக்கு ஆஃப் ஆவலையா?" என்று கேட்டேன்.

"அவளுங்க எல்லாம் கிளட்ச்ச விடறதுக்கு முன்னாடியே ஆக்ஸிலேட்டர மிதிச்சுடுவாளுங்க. எவ்ளோ சொன்னாலும் கேக்க மாட்டாளுங்க. இவ ஒருத்திதான் நான் சொல்லித்தந்த மாதிரி, ஆக்ஸிலேட்டர்ல கால் வெக்காம கிளட்ச்ச மெதுவா விடுவா."

சொன்னபடி ஓட்டியவளுக்கு மட்டும்தான் கார் நின்றுபோயிருக்கிறது. எனக்கு அது என்னவோபோல் இருந்தது.

சேவியர் சார் ஸ்கேனரைச் செருகினார். ஐடிலிங்கில் நீண்ட கால டிரிம் பிளஸ் இருபது, குறுகிய கால டிரிம் அதற்கு மேல் எட்டு. ஆக, பிளஸ் இருபத்தெட்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்து வேகத்தைக் கூட்டியதும் நாலுக்கோ ஐந்துக்கோ இறங்கிவிட்டது. அவர் முகம் மலர்ந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே படம். ஐடிலிங்கில் மட்டும் பிளஸ் ஏறினால், இன்ஜினுக்குள் எங்கோ ஒரு குழாய் வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைகிறது.

"ஏர் லீக்குங்க. சாயங்காலத்துக்குள்ள புடிச்சுடலாம்" என்றார். ஜாப் கார்டில் மூன்றாவது வரியில் கோடு போட்டார்.

திங்கள் சாயங்காலம் வந்தது. லீக் கிடைக்கவில்லை. ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். பிரேக் பூஸ்டர் குழாயை மடக்கிப் பிடித்துப் பார்த்தார். காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டை மாற்றினார். ஓடும் இன்ஜினின் மூட்டுகளில் எல்லாம் ஸ்பிரே அடித்து, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தார். பிளஸ் இருபத்தெட்டு அசையவில்லை. செவ்வாய் காலை பெட்ரோல் அழுத்தம் அளந்தார், சரியாக இருந்தது. இன்ஜெக்டர்களைக் கழுவினார். பிளக்குகளை மாற்றினார். பிளஸ் இருபத்தெட்டு. அவருடைய 'ங்க' நீள ஆரம்பித்துவிட்டது.

மதியம் நான் கை கழுவப் போகும்போது, கழற்றிப் போட்ட பழைய பிளக்குகள் தட்டில் கிடந்தன. நான்கும் அடுப்புக் கரி மாதிரி கறுத்திருந்தன. பெட்ரோல் போதாமல் ஓடும் இன்ஜினில் பிளக் வெளுத்துப் போகும். கறுத்தால் பெட்ரோல் மிகுதி. நான்கில் ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஏதோ என்று விடலாம். நான்குமே ஒரே கறுப்பு.

"சார், நம்ம குழாய ஒரு தடவ செருகிப் பாக்கட்டா?" என்றேன்.

"எதுக்குங்க? பெட்ரோல் பத்தலனு ஸ்கேனரே சொல்லுதே. அதுக்கு மேல அது என்னாங்க சொல்லப் போவுது?"

"பிளக்கு கறுத்துக் கெடக்குதே சார்."

"அது பழைய பிளக்குங்க."

அவர் அப்படி என்னிடம் பேசியதில்லை. நான் என் மேஜைக்கு வந்துவிட்டேன். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை தரையைப் பார்த்துக்கொண்டு, என் காலாலதான் என்று சொன்னது மறுபடி மறுபடி வந்தது. எழுந்துபோய், கேட்காமலே, குழாயை இழுத்துக்கொண்டு போய்ச் செருகிவிட்டேன். அவர் பார்த்தார், தடுக்கவில்லை.

கார்பன் மோனாக்சைடு ஏறிக்கொண்டே போய் ஆறைத் தாண்டி நின்றது. முப்பது வருடத்தில் அந்த எண்ணை நான் விரல் விட்டு எண்ணும் தடவைதான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் போதவில்லை என்று ஸ்கேனர் சத்தியம் செய்யும் கார், பெட்ரோலில் மூழ்கிக்கொண்டிருந்தது. அதைவிட வேடிக்கை, ஆக்ஸிஜனும் நாலு காட்டியது.

சேவியர் சார் பக்கத்தில் வந்து நின்றார். வெகுநேரம் திரையைப் பார்த்தார்.

"ரெண்டும் எப்படிங்க ஏறும்?" என்றார், மெதுவாக.

"அதத்தான் சார் நானும் பாக்கறேன். எரியாத பெட்ரோலும் வருது, செலவாகாத காத்தும் வருது. ரெண்டும் சிலிண்டருக்குள்ள ஒண்ணா இருந்திருந்தா எரிஞ்சிருக்கும்ல? இந்தக் காத்து உள்ள எரிஞ்சு முடிஞ்சதுக்கு அப்பறம்தான் சேருது. ஓட்ட சைலன்சர் வண்டி வந்தா எனக்கு இப்படித்தான் காட்டும்."

"சைலன்சர் புதுசுங்க."

"சைலன்சர்ல இல்ல சார். அதுக்கும் முன்னாடி. சென்சாருக்கும் முன்னாடி."

அவருக்கு அது பிடிபட்டதை அவர் கண்ணிலேயே பார்த்தேன். சென்சாருக்கு முன்னால் புகைப்பாதையில் ஒரு கீறல். ஐடிலிங்கில் புகை விட்டு விட்டுத்தான் வரும். ஒவ்வொரு இடைவெளியிலும் கீறல் வழியாக வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். சென்சார் அந்தக் காற்றை முகர்ந்து, பெட்ரோல் போதவில்லை என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கொட்டுகிறது. கொட்டக் கொட்ட இன்ஜின் மூச்சுத் திணறுகிறது. வேகம் கூட்டினால் புகை இடைவிடாமல் தள்ளிக்கொண்டு வரும், காற்று நுழைய வழியில்லை, டிரிம் இறங்கிவிடுகிறது. எல்லாம் பொருந்தியது. நாங்கள் இரண்டு நாளாகக் காற்று உள்ளே போகும் பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தோம்.

சேவியர் சார் ஜாப் கார்டை எடுத்தார். மூன்றாவது வரியில் போட்டிருந்த கோட்டை அடித்துவிட்டு, 'கீறல் எங்கே' என்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாய்களின் கொத்துதான் புகை மேனிஃபோல்ட், அதன் மேல் ஒரு தகர மறைப்பு இருக்கும். துருப்பிடித்த போல்ட்டுகளோடு மல்லுக்கட்டி அதைக் கழற்றி, மேனிஃபோல்டையும் கழற்றி மேஜையில் வைக்கும்போது மணி ஐந்தாகிவிட்டது. கனமான வார்ப்பிரும்பு. முழுக்கத் துரு. டார்ச் அடித்துப் பார்த்தார், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கீறல் இருப்பதாகவே தெரியவில்லை. பார்க்கும் இடமெல்லாம் பழுப்பு.

அந்த நேரத்தில் செல்வராணியும் அஞ்சலையும் வந்தார்கள். அஞ்சலை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். புடவை ஓரத்திலும் முழங்கையிலும் வெள்ளைக் களிமண் காய்ந்திருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு இரும்புத் துண்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"இதுல கீறல் எங்க இருக்குதுனு தெரியணும், அவ்ளோதானேக்கா?"

"அவ்ளோதான்."

"மண்ணெண்ண இருக்குதா?"

பாகம் கழுவ வைத்திருந்தது இருந்தது. "பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்று செல்வராணியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து யூனிட்டுக்குப் போனவள், ஒரு பெயிண்ட் டப்பாவில் கரைத்த வெள்ளைக் களிமண்ணும் ஒரு பிரஷ்ஷும் கொண்டுவந்தாள். கம்பித் தூரிகையால் துருவைத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்த இரும்பின் வெளிப்பக்கம் முழுக்க மெல்லிசாக மண் பூசினாள். ஃபேனுக்கு முன்னால் வைத்துக் காயவிட்டாள். மேனிஃபோல்ட் வெள்ளை வெளேர் என்று, அவர்கள் யூனிட்டில் செய்த பொம்மை மாதிரியே ஆகிவிட்டது. பிறகு உள்பக்கம் மண்ணெண்ணெய் ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி சாய்த்துச் சாய்த்துப் பிடித்தாள்.

"எங்க யூனிட்ல மொத சூடு வெச்சு எடுத்த பொம்மையில மண்ணெண்ணய தொட்டு விடுவோம். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தா அதுல மட்டும் எறங்கிக் கோடா காட்டும். இது இரும்பு, குடிக்காது. அதான் மேல மண்ணு. எண்ண வெளிய வந்துச்சுனா மண்ணு குடிக்கும்."

நான்கு பேரும் நின்று பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, குழாய்கள் ஒன்றுசேரும் கழுத்துப் பக்கத்தில், வெள்ளையின் மேல் ஒரு கறுப்பு மயிரிழை தோன்றியது. அது நீண்டது. ஒரு விரல் நீளம். சென்சார் உட்காரும் துளைக்கு இரண்டு விரற்கடை மேலே.

"வந்துடுச்சு" என்றாள் அஞ்சலை. அவளுக்கு அது தினப்படி வேலை. நூறு பொம்மையில் ஒரு பொம்மை.

சேவியர் சார் குனிந்து அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அஞ்சலைக்கு நடந்ததை விளக்கினேன். இந்தக் கீறலால்தான் காரின் கம்ப்யூட்டர் ஏமாந்தது, பெட்ரோல் மிகுந்துபோய்த்தான் ஐடிலிங்கில் இன்ஜின் நின்றது என்று சொன்னேன்.

"அப்ப என் கால் நல்ல கால்தானாக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் சேவியர் சார் நிமிர்ந்தார். கையைத் துணியில் துடைத்தார். பட்டறையில் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"உங்க கால்ல ஒரு தப்பும் இல்லீங்க. மூணு மாசம் முன்னாடி இந்த வண்டி வந்தப்பவே நான் சரியா பாத்திருக்கணும். பாக்காம, ஓட்டுறவங்க கால் பழகணும்னு சொல்லிட்டேன். தப்பு என்னுதுங்க."

அஞ்சலை குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். அவளிடம் யாரும் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை என்று தெரிந்தது.

"நான் இதுக்குனே மூணு ஜோடி செருப்பு மாத்திட்டன் சார்" என்றாள்.

செல்வராணி முதலில் சிரித்தார். பிறகு சேவியர் சாரும் சிரித்துவிட்டார். அஞ்சலை சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கையில் இருந்த களிமண் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

புது மேனிஃபோல்ட் வரவழைத்தால் ஒரு வாரம் ஆகும். டெஸ்ட் நாளை மறுநாள். புதன்கிழமை காலை சேவியர் சாரே அதைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனார். வார்ப்பிரும்பைப் பதமாகச் சூடாக்கித்தான் வெல்டிங் வைக்க வேண்டும், வைத்த பிறகு சுண்ணாம்புத் தூளில் புதைத்து மெதுவாக ஆறவிட வேண்டும், அவசரப்பட்டால் பக்கத்திலேயே இன்னொரு கீறல் விடும். அவர் மத்தியானம் வரைக்கும் அந்தச் சுண்ணாம்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததாக லேத்துக்காரர் பிறகு சொன்னார். மாலையில் பூட்டினார். அதற்கு முன் மறுபடியும் களிமண் பூசி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார். கோடு வரவில்லை.

கம்ப்யூட்டர் பழகி வைத்திருந்த பழைய கணக்கை ஸ்கேனரால் அழித்துவிட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். ஒரு பக்கம் அவருடைய ஸ்கேனர், ஒரு பக்கம் என் குழாய். ஜன்னல் ஓரத்திலிருந்து கப்பையும் எடுத்துவந்து தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வைத்தார். சூடேறியதும் டிரிம் பிளஸ் இரண்டு, மைனஸ் ஒன்று, பிளஸ் மூன்று என்று ஆட ஆரம்பித்தது. ஆடிக்கொண்டே இருந்தது. இருபத்தெட்டுக்குப் போகவே இல்லை. என் பக்கம் கார்பன் மோனாக்சைடு சரசரவென்று இறங்கி, அரைக்கும் கீழே போய் நின்றது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் தலையாட்டினேன்.

அதற்கு அடுத்த மாதம் முதலாளியிடம் சொல்லி, என் மேஜையை ரோட்டுப் பக்கத்திலிருந்து பட்டறைக்கு உள்ளே போட வைத்தவர் சேவியர் சார்தான். டிரிம் பத்தைத் தாண்டும் எந்த வண்டியையும் நான் ஒரு முறை பார்க்காமல் பானெட்டைத் திறக்கக் கூடாது என்று பட்டறையில் சட்டம் போட்டார். ராஜேஷ், நான் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். டிரிம் என்பது காரின் நோய் இல்லை. கார் தன் நோயைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது. அது தப்பாகவும் நினைக்கலாம். அதனால் கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வேறு ஒரு வழியில் அதே விஷயத்தைக் கேட்டுப் பார். பிளக்கைக் கேள், புகையைக் கேள், முக்கியமாக, வண்டியை ஓட்டுகிறவர்களைக் கேள். அதற்கப்புறம் ஸ்பேனரை எடு.

டெஸ்ட் நாளான அந்த வியாழக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். ஆர்டிஓ மைதானத்துக்குப் போனால், வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு சேவியர் சாரும் ஒரு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அஞ்சலை பழைய ரப்பர் செருப்போடு காரில் ஏறினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். எட்டின் முதல் வளைவில் கார் ஏறக்குறைய நின்றேவிட்டது. செல்வராணி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆக்ஸிலேட்டர் சத்தம் துளியும் இல்லை. கிளட்ச் மட்டும் மெதுவாக வெளியே வந்தது தெரிந்தது. கார் நின்றுபோகாமல், மாடு கட்டாந்தரையிலிருந்து எழுந்து நடப்பதுபோல், நிதானமாக நகர்ந்து வளைந்தது. இரண்டாவது வளைவு. மறுபடி நேர்கோடு. இன்ஸ்பெக்டர் இறங்கிக் காகிதத்தில் டிக் போட்டார். "கிளட்ச் யார் சொல்லிக்குடுத்தது?" என்று மட்டும் கேட்டாராம்.

திரும்பி வரும்போது அஞ்சலைதான் ஓட்டினாள். சேவியர் சார் முன்னால், நானும் செல்வராணியும் பின்னால். ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் இரண்டு லாரி, பக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ, பின்னால் திட்டக்குடி பஸ். ஒவ்வொருவராக இன்ஜினை நிறுத்தினார்கள்.

"ஆஃப் பண்ணிடு அஞ்சல, ரயில் வர நேரமாவும்" என்றார் செல்வராணி.

அஞ்சலை சாவியில் கை வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"கொஞ்ச நேரம் ஓடட்டுங்கக்கா" என்றாள்.

சேவியர் சார் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார், வெளிச்சத்தம் அடங்கி இன்ஜின் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்பதற்காக. நான்கு பேரும் பேசாமல் உட்கார்ந்து, அந்த இன்ஜின் நிற்காமல் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.